பெற்றுக்கொண்டேன்

பதிவுத் தபாலில் வந்தது.
தபால்காரர் நீட்டிய ஏட்டில்
ஒப்பம் வைத்துத்தான் வாங்கினேன்.
நிலாவெளி வீதி ஹோட்டலில் இருந்து
ஒப்பம் வைத்தபின்
உள்ளபடியே கைக்கு வந்து சேர்ந்த
முதற்பொருள் அதுதான்.

"தங்களுக்கு மேலதிகமாகச் செலுத்தப்பட்ட சம்பளம்
ரூபாய் எண்பத்தேழாயிரத்து நானூறு.
பதினான்கு நாட்களுக்குள் திருப்பிச் செலுத்துக.
தவறின் சட்ட நடவடிக்கை."

அரிசி களைந்த கையோடு அம்மா எட்டிப் பார்த்தா.
"ஹோட்டல் காசுக் கடிதமோ?"
"ஓம், காசுக் கடிதம்தான்."
"அப்ப சங்கிலியை மீட்கலாம்."

மூன்று வருடம் அங்கே கணக்கு எழுதினவள் நான்.
வைகாசியில் கிங்ஸ்லி சேர் சொன்னார்:
"எல்லாரும் வவுச்சரில் சைன் வையுங்கோ,
திங்கட்கிழமை செக் பாஸாகும்."
வைத்தோம்.
அந்தத் திங்கட்கிழமை
இன்னும் திருகோணமலைக்கு வந்து சேரவில்லை.
கொழும்பில் இரவு ரயில் ஏறி
கல்லோயாச் சந்தியில் பெட்டி மாறி
மட்டக்களப்புக்குப் போயிருக்கலாம்.

பெற்றுக்கொண்டேன்.
அந்தச் சொல்லை அடித்ததும் நான்தான்,
பதினேழு பெயருக்குக் கீழே பதினேழு தரம்,
பெறாத பிள்ளைக்குப்
பிறப்புப் பதிவு எழுதுகிற மாதிரி.

வங்கியில் புத்தகத்தைப் பொறிக்குள் கொடுத்தேன்.
கரகரவென்று அச்சடித்துத் துப்பியது.
சித்திரைக்குப் பிறகு
வட்டி, பதினொரு ரூபாய் முப்பத்தைந்து சதம்.
மிச்சம் வெறும் கோடுகள்.
அந்த வெறுமையைப் பிரதி எடுக்க
பக்கத்துக்கு இருபது ரூபாய் கேட்டான் கடைக்காரன்.
இரண்டு பிரதி எடுத்தேன்.
வாசலில் நின்ற புள்ளிமான்
கோப்பின் மூலையை மோந்து வாயில் கவ்வியது.
விடு, அது சாட்சி
என்று பறித்துக்கொண்டு நடந்தேன்.

தொழில் திணைக்களத்தில் ஃபர்ஸானா மிஸ்
கண்ணாடியைக் கழற்றாமலே வாசித்தா.
"கோபத்தை எழுதாதீங்க. திகதியைக் கேளுங்க."

இரவு ஆறு தாள் கோபத்தில் கிழிந்தது.
ஏழாவதில் நான்கே வரி:
எந்தத் திகதியில்,
எந்தக் காசோலை இலக்கத்தில்,
எந்தக் கணக்கில் வரவு வைத்தீர்கள்?
வைகாசி, ஆனி, ஆடிச் சம்பளம் எப்போது தருவீர்கள்?

மடிக்கும் முன் அவர்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்.
முப்பத்தோராயிரத்து ஐந்நூறு இரண்டு தரம்,
இருபத்து நாலாயிரத்து அறுநூறு.
இருநூறு ரூபாய் பிழை.
திருத்தினால் என் கடன் இருநூறு கூடும்.
என்றாலும்
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.
கணக்கு கணக்குத்தானே.

மறுநாள் தொலைபேசி ஓயவில்லை.
சமையற்கட்டு ரபாய்தீன் நானாவுக்கு அறுபத்தோராயிரம்.
அறை துடைத்த சுதேசினிக்கு நாற்பது.
இரவுக் காவல் மரியதாசன் அண்ணைக்கும் வந்திருந்தது,
நேரில் சமுகமளிக்கட்டாம்.
அவர் ஆவணியிலேயே போய்விட்டார்.
பாலையூற்றில் அவரின் மனைவி
கடிதத்தை என் மடியில் வைத்து,
"இதுக்கு என்னண்டு பதில் எழுதுறது பிள்ளை?
கல்லறை இலக்கம் போடவோ?" என்று கேட்டா.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவவுக்கும்.
பிறகு இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மரணச் சான்றிதழைப் பிரதி எடுத்தோம்.
வேறு கடை. பதினைந்து ரூபாய்.

தபால் கந்தோரில் வரிசையாக நின்றோம்,
ஒருகாலம் சம்பளத்துக்கு நின்ற அதே ஒழுங்கில்.
அண்ணையின் இடத்தில் அவரின் மனைவி.

பதினான்காம் நாள் போய்
இன்னும் ஆறு நாள் போனது.
பொலிசும் வரவில்லை, காசும் வரவில்லை.
இன்றைக்கு அத்தாட்சி அட்டை மட்டும் திரும்பி வந்தது.
'பெற்றுக்கொண்டேன்' என்ற அச்செழுத்துக்குக் கீழே
கிங்ஸ்லி சேரின் வளைந்த கையெழுத்து.
திகதியைப் பார்த்தேன்.
திங்கட்கிழமை.

"காசோ?" என்றா அம்மா, குசினிக்குள் இருந்து.
"இல்லையம்மா, சைன்."